பீங்கான் மண் பிசையும் மிக்சரும் பக்மில்லும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், டோங்காட் பக்கமும், மேலே ஜோகன்னஸ்பர்க், லெனேசியா பக்கமும் வீட்டுக் கொட்டகையிலோ சிறு பட்டறையிலோ பீங்கான் வேலை செய்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. மிக்சர் என்று இங்கே சொல்வது பொடியையும் தண்ணீரையும் கலந்து பிசையும் தொட்டியை. பக்மில் என்பது பிசைந்த மண்ணை ஆகர் என்கிற திருகால் நெருக்கி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி, மூக்கு வழியாக உருளையாகத் தள்ளும் இயந்திரம். இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்த மாடல்களும் உண்டு.

செம்மண் ஓட்டிய பக்மில்லைப் பீங்கானுக்குத் திருப்பலாமா?

திருப்பலாம், ஆனால் முழுக்கக் கழற்றிக் கழுவ வேண்டும். வெள்ளை மண்ணை நாலு தடவை ஓட்டினால் தானே சுத்தமாகிவிடும் என்று நம்புகிறவர்கள் வெள்ளை மண்ணைத்தான் வீணாக்குவார்கள். நல்ல பீங்கான் மண்ணில் இரும்பு ஆக்சைடு ஏறக்குறைய அரை சதவீதத்துக்குக் கீழே இருக்கும். செம்மண்ணில் அது 5 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். 20 கிலோ பீங்கானில் 1 கிலோ செம்மண் கலந்தால் போதும், இரும்பின் அளவு ஒன்றரை மடங்கை நெருங்கிவிடும். சூளையிலிருந்து வெளியே வரும்போது வெள்ளை போய்ப் பழுப்பு கலந்த சந்தன நிறம் நிற்கும்.

கழற்றும்போது ஆகர், பிளேடுகள், சல்லடைத் தகடு, மூக்கு எல்லாம் தனித்தனியாக வெளியே வரவேண்டும். பழைய மண் ஒளிந்துகொள்ளும் இடங்கள் நான்கு: பிளேடு தண்டோடு சேரும் பட்டை, ஷாஃப்ட் சீலின் (தண்டைச் சுற்றி அடைக்கும் வளையத்தின்) உதடு, வாக்குவம் அறை மூடியின் ரப்பர் உட்காரும் பள்ளம், வாக்குவம் குழாய் வளையும் முனை. ஓர் இரவு தண்ணீரில் ஊறவிட்டு நைலான் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். பூட்டிய பிறகு 5 முதல் 10 கிலோ பீங்கான் எச்சமண்ணை ஓட்டி, கடைசியாக வந்த உருளையில் ஒரு வில்லை அறுத்து, பாதிக்கு நிறமில்லாத கிளேஸ் (கண்ணாடிப் பூச்சு) பூசிச் சுட்டுப் பாருங்கள். கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும் சுடாத மண்ணை நம்பாதீர்கள். சூடு பட்டபின்தான் இரும்பு தன் நிறத்தைக் காட்டும்.

தீபாவளிக்கு அகல் விளக்கு ஆர்டர் குவியும் அக்டோபரில் "ஒரு நாள்தானே" என்று பீங்கான் இயந்திரத்தில் செம்மண்ணைப் போடுவது பல பட்டறைகளில் நடக்கிறது. அந்த ஒரு நாளுக்காக இரண்டு நாள் கழற்றிக் கழுவ வேண்டியிருக்கும். அகலுக்கு வேண்டிய மண்ணைக் காலால் மிதித்துக்கொள்வது அதைவிடச் சுலபம்.

வாங்கும்போது எந்த உலோகம்? வார்ப்பிரும்பு, அலுமினியம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்?

பீங்கானுக்கு என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். மண் படும் எல்லா இடமும் ஸ்டெயின்லெஸ்ஸா என்று கேட்டு வாங்குங்கள். பீப்பாய் மட்டும் ஸ்டெயின்லெஸ்ஸாக இருந்து ஆகர் வார்ப்பிரும்பாக இருந்தால் பயனில்லை. வார்ப்பிரும்பு ஒரு வார இறுதியிலேயே துருப்பிடிக்கும். திங்கட்கிழமை முதலில் வரும் உருளையில் அந்தத் துரு முழுக்க இருக்கும்.

அலுமினியம் துருப்பிடிக்காது என்று சொல்லி விற்பார்கள். சிவப்புத் துரு வராது என்பது சரிதான், ஆனால் அரிப்பு உண்டு. பீங்கான் மண்ணில் சேரும் பாறைப் பொடிகளான ஃபெல்ட்ஸ்பாரும், அதைவிட அதிகமாக நெஃபலின் சயனைட்டும், தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மண்ணைக் காரத்தன்மை ஆக்கும். காரம் அலுமினியத்தின் மேலிருக்கும் பாதுகாப்புப் படலத்தைத் தின்னும். அப்போது பீப்பாயின் உள்சுவரில் வெள்ளைக் கூழ் போல ஒன்று படியும். காய்ந்தால் ரவை மாதிரி கடினமாகும். மண்ணும் வெள்ளை, அதுவும் வெள்ளை, கண்ணுக்குத் தெரியாது. சக்கரத்தில் விரலுக்கு மணலாகத் தட்டுப்படும். சுட்ட பிறகு கிளேஸின் கீழே பருவாக நிற்கும்.

உங்களிடம் இருப்பது அலுமினியம்தான் என்றால், பீங்கானை இரண்டு மூன்று நாளுக்கு மேல் உள்ளே ஓட்டாமல் வைக்காதீர்கள். ஓட்டாத நாட்களில் காலி செய்து, கழுவி, துடைத்துக் காயவிடுங்கள். எப்சம் உப்போ சோடா ஆஷோ போட்ட மண்ணை அதில் தங்கவே விடக்கூடாது.

பழைய பேக்கரி மாவு மிக்சர் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

டர்பனில் ரொட்டிக்கும், ரொட்டிக்குள் கறி வைக்கும் பன்னி சௌவுக்கும் பஞ்சமில்லை, அதனால் பழைய பேக்கரி மிக்சருக்கும் பஞ்சமில்லை. தொட்டியும் கொக்கியும் ஸ்டெயின்லெஸ்ஸாக இருந்தால் வாங்கலாம். ஆனால் மண் ரொட்டி மாவைவிடக் கனம். 50 கிலோ மாவுக்கு என்று எழுதியிருந்தால் 25 கிலோ மண்ணோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கொக்கிக்கு மேலே இருக்கும் கியர் தலையிலிருந்து எண்ணெய் சொட்டுகிறதா என்று ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். மோட்டார் மூன்று ஃபேஸா, ஒற்றை ஃபேஸா என்பதையும் தகட்டில் பார்த்துவிடுங்கள். மூன்று ஃபேஸ் 400 வோல்ட் இல்லாத வீட்டில் அது வெறும் இரும்புதான்.

பொடியிலிருந்து கலக்கும்போது அளவு, வரிசை என்ன?

25 கிலோ பொடிக்கு ஒரு பொதுக் கணக்கு: கயோலின் என்கிற வெள்ளைக் களிமண் 12.5 கிலோ, ஃபெல்ட்ஸ்பார் 6.25 கிலோ, சிலிக்கா 6.25 கிலோ. இதோடு வெள்ளை பென்டோனைட் அரை கிலோ. தண்ணீர் 7.5 முதல் 8 லிட்டர். கயோலின் மக்காண்டா பக்கம் தோண்டியதா, கேப் பக்கத்ததா, இறக்குமதியா என்பதைப் பொறுத்துத் தண்ணீர் கொஞ்சம் மாறும்; மூட்டை மாறினால் கணக்கும் மாறும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பென்டோனைட்டை நேராகத் தண்ணீரில் கொட்டினால் ஜெல்லி உருண்டையாகத் திரண்டுவிடும், பிறகு எந்த பிளேடும் அதை உடைக்காது. காய்ந்த பொடிகளோடு முதலில் கலந்துவிடுங்கள். தொட்டியில் ஏழு லிட்டர் தண்ணீர், பிறகு பொடி மெதுவாக. பொடி முதலில், தண்ணீர் பிறகு என்று மாற்றினால் அடியில் காய்ந்த பொடி கெட்டியாக அடைந்து மோட்டார் திணறும். பத்து நிமிடம் ஓட்டி, நிறுத்தி, கால் மணி நேரம் ஊறவிட்டு, அதன் பிறகு பதம் பாருங்கள். மீதித் தண்ணீரை 200 மில்லியாகச் சேர்த்து ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் ஓட்ட வேண்டும். பீங்கான் பதம் ஏமாற்றும்: கெட்டியாக இருக்கிறதே என்று அரை லிட்டர் ஊற்றினால் சட்டென்று சேறாகிவிடும்.

சுட்ட பாண்டத்தில் பழுப்புப் புள்ளி வருகிறது. இயந்திரமா, மண்ணா?

ஊகிக்காதீர்கள். ஒரே ஓட்டத்தில் முதல் கிலோவிலிருந்து ஒரு வில்லை, நடுவிலிருந்து ஒன்று, கடைசியிலிருந்து ஒன்று எடுத்து, பின்பக்கம் 1, 2, 3 என்று கீறி, நிறமில்லாத கிளேஸ் பூசி ஒன்றாகச் சுடுங்கள். நான்காவதாக, இயந்திரத்துக்குள் போகாத அதே மண்ணைக் கையால் பிசைந்து ஒரு வில்லை.

முதல் வில்லையில் மட்டும் புள்ளி என்றால் மூக்கிலோ அதை இறுக்கும் போல்ட்டிலோ துரு. மூன்றிலும் இருந்து நான்காவதில் இல்லையென்றால் ஆகர், பிளேடு, சல்லடைத் தகடு இவற்றில் ஒன்று. நான்கிலும் இருந்தால் இயந்திரத்தைத் திட்டாதீர்கள். பொடியில் இருக்கிறது, அல்லது தண்ணீர் பிடிக்கும் வாளியில் இருக்கிறது. பொடியைச் சோதிக்க ஒரு கிலோவைத் தண்ணீரில் கரைத்து 200 மெஷ் சல்லடையில் வடித்து, மேலே தங்கியதை ஒரு பீங்கான் துண்டின் மேல் தூவிச் சுட்டால் தெரிந்துவிடும்.

புள்ளியின் நிறமும் பேசும். பழுப்பு என்றால் இரும்பு. பச்சை படர்ந்தால் பித்தளை அல்லது செம்பு. வாக்குவம் குழாயின் பித்தளை நிப்பிளையும் தண்ணீர்க் குழாயையும் பாருங்கள். நீலம் என்றால் கோபால்ட், அது பெரும்பாலும் எச்சமண் வாளிக்குள் போன ஓவிய வேலையின் மிச்சம்.

ஸ்டெயின்லெஸ் இயந்திரத்தில் துருப்புள்ளி வருவதற்கு நாங்கள் அதிகம் பார்க்கும் காரணம் ஒன்று உண்டு. சுத்தம் செய்கிறேன் என்று சாதாரண இரும்புக் கம்பி பிரஷ்ஷாலோ இரும்பு நாராலோ தேய்ப்பது. கம்பியின் துகள் ஸ்டெயின்லெஸ்ஸின் கீறலில் பதிந்து, அங்கே அது துருப்பிடிக்கும். பார்க்கிறவர் "இது போலி ஸ்டெயின்லெஸ்" என்பார். நைலான் பிரஷ், மரச் சுரண்டி, பிளாஸ்டிக் அட்டை போதும்.

காந்தம் வைத்து எடுத்துவிடலாமா என்று கேட்பார்கள். மண்ணைக் கூழாகக் கரைத்து வலுவான காந்தத்தின் மேல் ஓடவிட்டால் இரும்புத் துகள் ஒட்டும். ஆனால் சிவப்புத் துருவை அது சரியாகப் பிடிக்காது. துருவின் மூலத்தை நிறுத்துவதற்கு காந்தம் ஈடாகாது.

மண்ணுக்குள் கடினமான சிறு உருண்டைகள் வருகின்றன. ஏன்?

காய்ந்த துணுக்கு. பக்மில் கோளாறுகளில் பாதிக்கு மேல் இங்கேதான் தொடங்குகிறது என்பது எங்கள் கணிப்பு. தொட்டியின் விளிம்பில், மூடியின் அடியில், தள்ளு கோலின் நுனியில் ஒட்டிய மண் காய்ந்து, அடுத்த நாள் தட்டுப்பட்டு உள்ளே விழும். பிளேடு அதை உடைக்காது. ஈரமான மண்ணுக்குள் அது கூழாங்கல் போல நழுவிக்கொண்டே போகும். பீங்கான் சுவரை இரண்டு மில்லிமீட்டருக்கு இழுக்கும்போது ஒரு கடுகளவு துணுக்கு போதும், விரல் எகிறும், சுவர் கிழியும். அதே துணுக்கு சல்லடையில் போய் அடைக்கும். மூடியின் ரப்பருக்குக் கீழே உட்கார்ந்தால் வாக்குவம் கசியும்.

மருந்து சாதாரணமானது. வேலை முடியும்போது விளிம்பையும் மூடியையும் ஈர ஸ்பாஞ்சால் துடைக்க வேண்டும், காய்வதற்கு முன்னால். ஜோகன்னஸ்பர்க் குளிர்காலத்தில் காற்று வறண்டு கிடக்கும், மதியச் சாப்பாட்டுக்குப் போய்வருவதற்குள் விளிம்பு வெளுத்துவிடும். அங்கே மூடியின் மேல் நனைத்த துண்டைப் போட்டுவிட்டுப் போங்கள். டர்பன் கோடையில் இவ்வளவு அவசரமில்லை.

உள்ளே போடும் எச்சமண்ணையும் கவனியுங்கள். பாதி காய்ந்து தோல் போல விறைத்த துண்டுகளை நேராகப் போடுவதுதான் மோசம். அவற்றை முழுக்கக் காயவிட்டு, பிறகு தண்ணீரில் போட்டால் தானே பொலபொலவென்று கரையும். விறைத்த நிலையில் போட்டால் நாள்கணக்கில் கரையாது. கரைந்த கூழை பிளாஸ்டர் பலகையில் நீர் வற்ற வைக்கும்போது பலகையின் மேல் நெருக்கமாக நெய்த பருத்தித் துணி விரியுங்கள். பிளாஸ்டர் சில்லு மண்ணுக்குள் போனால் சுட்ட பிறகு, சில நாள் கழித்துக்கூட, பாண்டம் அங்கே பொரிந்து வெடிக்கும். நூல் பிரியும் பழந்துணி வேண்டாம். அந்த நூல் போய்ச் சேரும் இடம் சல்லடை.

வாக்குவம் ஏறவில்லை. எங்கே பார்ப்பது?

முதலில் பம்பையும் பக்மில்லையும் பிரித்துப் பாருங்கள். பக்மில்லுக்குப் போகும் வால்வை மூடி, பம்பை மட்டும் ஓட்டினால் வாக்குவம் காட்டும் அளவி மேலே போகிறதா? போனால் பம்பு நலம், கசிவு பக்மில்லில். போகாவிட்டால் பம்பின் எண்ணெய் அல்லது குழாய்.

எவ்வளவு ஏற வேண்டும் என்பது ஊரைப் பொறுத்தது. கடலோர டர்பனில் காற்றழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். நல்ல பம்பு 90 முதல் 95 வரை காட்டும். ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டர் அளவு உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தமே 83 கிலோபாஸ்கல் அளவுதான், அதற்கு மேல் எந்தப் பம்பும் காட்ட முடியாது. டர்பனில் 95 காட்டிய இயந்திரம் அங்கே 77 காட்டினால் அது பழுதில்லை, அதே வேலைதான் செய்கிறது. இது தெரியாமல் நல்ல பம்பைப் பிரித்துப் போட்டவர்கள் உண்டு. இன்னொரு பக்கம், டர்பனில் 97-ஐத் தாண்டி இழுக்கவும் பாடுபட வேண்டாம். 25 டிகிரி வெப்பத்தில் 3.2 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கும். மண்ணிலிருக்கும் ஈரம் ஆவியாகிப் பம்புக்குள் போவதுதான் மிச்சம்.

கசிவு பக்மில்லில் என்றால், மூக்கின் மூடியை மாட்டி, மண் போடும் பக்கமும் அடைபட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல மாடல்களில் மண்ணேதான் அங்கே அடைப்பான். ஆகரில் மண் குறைந்து இடைவெளி விட்டால் காற்று நேராக உள்ளே வரும், அது கசிவே இல்லை. அளவியை ஏற்றி, வால்வை மூடி, ஐந்து நிமிடம் பாருங்கள். இறக்கம் 5 கிலோபாஸ்கலுக்குள் இருந்தால் போகட்டும். அதற்கு மேல் என்றால் கசிவைத் தேட வேண்டும்.

சோப்புத் தண்ணீர் இங்கே உதவாது. வாக்குவம் அதை உள்ளேதான் இழுக்கும், குமிழி வராது. மிக இளகிய பீங்கான் மண்ணை விரலில் எடுத்து மூடியின் விளிம்பு, அளவியின் கழுத்து, குழாய் இணைப்பு, ஷாஃப்ட் சீல் என்று ஒவ்வொன்றாகப் பூசுங்கள். எந்த இடத்தில் பூசும்போது முள் நிற்கிறதோ அங்கேதான் ஓட்டை. பத்தில் ஏழெட்டுத் தடவை மூடியின் ரப்பரில் ஒரு துணுக்கோ, ரப்பர் தட்டையாகிப் போனதோதான் காரணம். ரப்பரைக் கழுவி, காயவைத்து, வாக்குவம் கிரீஸை ஈரம் மின்னும் அளவுக்கு மட்டும் தடவுங்கள். வெண்ணெய் பூசுவது போலப் பூசினால் மண் ஒட்டிக்கொள்ளும்.

அளவி நன்றாக நிற்கிறது, ஆனாலும் மண்ணில் காற்றுக் குமிழி இருக்கிறது என்றால் சல்லடை அடைத்திருக்கும். மண் நூல் நூலாகப் பிரிந்து வாக்குவம் அறைக்குள் விழுந்தால்தான் காற்று வெளியேறும். பாதி ஓட்டை அடைந்தால் தடித்த கட்டியாக விழும், நடுவிலிருக்கும் காற்றுக்கு வழியில்லை.

வாக்குவம் பம்பின் எண்ணெய் பால் போல ஆகிவிட்டது.

ஈரம் சேர்ந்திருக்கிறது. எண்ணெய் பம்பில் கேஸ் பாலஸ்ட் என்று ஒரு சிறு திருகு வால்வு இருக்கும். பக்மில் பக்கம் வால்வை மூடி, அதைத் திறந்து, 30 நிமிடம் பம்பைச் சும்மா ஓட்டினால் சூட்டில் ஈரம் ஆவியாக வெளியேறும். தேன் நிறம் திரும்பினால் சரி. திரும்பாவிட்டால், சூடாக இருக்கும்போதே வடித்துப் புது வாக்குவம் எண்ணெய் ஊற்றுங்கள். கார் எஞ்சின் ஆயில் வேண்டாம்; அதிலுள்ள சேர்மானங்கள் வாக்குவத்தில் ஆவியாகும். டர்பனில் டிசம்பர் முதல் மார்ச் வரை ஒவ்வொரு வேலைநாள் முடிவிலும் பத்து நிமிடம் இதைச் செய்துவிடுவது நல்லது. பம்புக்கும் பக்மில்லுக்கும் நடுவே ஒரு கண்ணாடிக் குடுவை நீர்ப்பொறி மாட்டினால் மண் துளி எண்ணெய் வரை போகாது.

மண் மெதுவாகவும் வெதுவெதுப்பாகவும் வெளியே வருகிறது.

ஆகரின் விளிம்பு தேய்ந்து பீப்பாய்க்கும் அதற்கும் நடுவே இடைவெளி கூடியிருக்கும். மண் முன்னே போவதற்குப் பதில் அந்த இடைவெளி வழியாகப் பின்னால் நழுவுகிறது, அந்த உரசல்தான் சூடு. புதிதாக 1 முதல் 2 மில்லிமீட்டர் இருப்பது 4-க்கு வந்தால் ஆகருக்கு வெல்டிங் பிடித்து விளிம்பைக் கூட்ட வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் இல்லையென்றால் ஒரு ரேண்ட் நாணயத்தை விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே விட்டுப் பாருங்கள். இரண்டு நாணயம் சேர்ந்து தாராளமாகப் போனால் காலம் வந்துவிட்டது. வெல்டிங்குக்கு ஸ்டெயின்லெஸ் ராடு என்று சொல்லிக் கொடுங்கள். சாதாரண ராடு வைத்தால் மறுபடி துருப்புள்ளிக் கதைதான்.

வெல்டருக்குச் சொல்வதற்கு முன்னால் மண்ணின் பதத்தையும் பெல்ட்டையும் பார்த்துவிடுங்கள். மண் விறைப்பாக இருந்தாலும் இதே அறிகுறி வரும். வி-பெல்ட்டை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு மீட்டர் தூரத்துக்கு 16 மில்லிமீட்டர் கணக்கில் வளைய வேண்டும். 400 மில்லிமீட்டர் என்றால் ஆறு, ஏழு. அதிகம் வளைந்தால் நழுவும், வளையவே இல்லையென்றால் பேரிங் போகும்.

கியர்பாக்ஸிலிருந்து எண்ணெய் மண்ணுக்குள் வருமா?

வரும், மண்ணும் கியர்பாக்ஸுக்குள் போகும். ஷாஃப்ட் சீல் தேய்ந்ததற்கு அடையாளம் இரண்டு: கியர்பாக்ஸ் எண்ணெய் சாம்பல் நிறமாகக் கலங்குவது, அல்லது பீப்பாயின் பின்முனையில் உள்ள மண்ணில் எண்ணெய்ப் பிசுக்கு. நல்ல இயந்திரங்களில் இரண்டு சீலுக்கு நடுவே திறந்த இடைவெளி விட்டிருப்பார்கள். அங்கே மண் எட்டிப் பார்த்தால் முதல் சீல் போய்விட்டது, இரண்டாவது இன்னும் தாங்குகிறது என்று பொருள். அந்த இடைவெளியை அழகுக்காக அடைத்துவிடாதீர்கள். சீல் உட்காரும் இடத்தில் தண்டில் நகம் மாட்டும் அளவுக்கு வரிப்பள்ளம் இருந்தால் புது சீலும் ஒரு மாதம்தான். தண்டுக்கு ஸ்லீவ் போட வேண்டும். சீலுக்கு உணவுத்தர வெள்ளை கிரீஸ். கருப்பு மாலிப்டினம் கிரீஸை இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். கியர் எண்ணெயின் எண் இயந்திரத் தகட்டில் என்ன இருக்கிறதோ அதுவே.

லோட் ஷெடிங்கும் மின்சாரக் கோளாறும்

ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் முதல் வேலை சுவிட்சை அணைப்பது. இரண்டு மணி நேரம் கழித்து, நீங்கள் தொட்டிக்குள் கையை விட்டுச் சுரண்டிக்கொண்டிருக்கும்போது, மின்சாரம் திரும்பி வந்து ஆகர் தானே சுற்றத் தொடங்குவதுதான் இந்த வேலையில் இருக்கும் மிகப் பெரிய ஆபத்து. மின்சாரம் போனால் தானாக விடுபட்டு, மறுபடி பட்டன் அமுக்கினால்தான் கிளம்பும் ஸ்டார்ட்டர் இல்லாத இயந்திரத்துக்கு அதைப் போட்டுவிடுங்கள். இரண்டாவது வேலை, வாக்குவத்தை வெளிக்காற்றுக்குத் திறந்துவிடுவது. பம்பு நின்றபின் அறையில் வாக்குவம் இருந்தால் பம்பின் எண்ணெய் குழாய் வழியாக மண்ணை நோக்கி ஏறும்.

மூன்று ஃபேஸ் இயந்திரம் என்றால், ஏரியாவில் கேபிள் வேலையோ டிரான்ஸ்ஃபார்மர் வேலையோ நடந்த பிறகு முதல் ஓட்டத்தில் திசையைப் பாருங்கள். ஃபேஸ் மாறியிருந்தால் ஆகர் பின்பக்கமாகச் சுற்றி மண்ணை முழுக்க சீல் மேல் அழுத்தும்.

எர்த் லீக்கேஜ் (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) அடிக்கடி விழுகிறது என்றால் 30 மில்லிஆம்பியர் எங்கோ கசிகிறது. பெரும்பாலும் மோட்டாரின் இணைப்புப் பெட்டிக்குள் போன மண்கூழ். பெட்டியைத் திறந்து காயவைத்து, ரப்பரை மாற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். டிபி போர்டில் எர்த் லீக்கேஜைத் தாண்டி ஒயர் இழுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். ஒற்றை ஃபேஸ் மோட்டார் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் அனேகமாகக் கப்பாசிட்டர். நீட்டு ஒயர் போட்டே ஆகவேண்டும் என்றால் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், சுருளை முழுக்கப் பிரித்துப் போட்டு. 1.5 கிலோவாட் மோட்டார் ஓடும்போது 8 முதல் 10 ஆம்பியர் இழுக்கும், கிளம்பும் நொடியில் அதைப்போல ஐந்தாறு மடங்கு. விளக்குக்கு வைத்த வீட்டு இன்வர்ட்டர் இதைத் தாங்காது.

பூஞ்சையும் நாற்றமும் வருகிறது. ஜிக் என்கிற பிளீச் ஊற்றலாமா?

கூடாது. ஜிக்கில் இருக்கும் குளோரின் உப்பு ஸ்டெயின்லெஸ்ஸில் ஊசிக்குத்தாகப் பள்ளம் போடும், அலுமினியத்தையும் அரிக்கும். கருப்புப் பூஞ்சை மண்ணைக் கெடுக்காது. பிசைந்தால் மறையும், சூளையில் எரிந்துபோகும். நாற்றம் பழகிய மண்ணின் வாசனைதான். மூச்சுத்தொல்லை உள்ளவர்கள் மட்டும் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

டிசம்பரில் மூன்று வாரம் பட்டறையை மூடுகிறோம். எப்படி விட்டுப் போவது?

அலுமினியம் என்றால் காலி செய்து, கழற்றி, கழுவி, காயவைத்துப் போங்கள். ஸ்டெயின்லெஸ் என்றால் இரண்டு வழி: முழுக்கக் காலி, அல்லது முழுக்க நிறைவு. பாதி நிறைந்த பீப்பாய்தான் கெடுதல். மண்ணில்லாத சுவரில் படலம் காய்ந்து, ஜனவரியில் செதில் செதிலாக உரியும். நிறைத்து வைத்தால் மூக்கில் இரண்டு மடிப்பு பிளாஸ்டிக் சுற்றி மூடியை இறுக்குங்கள். தொட்டியில் மண்ணின் மேல் பிளாஸ்டிக்கை ஒட்ட விரித்து, அதன் மேல் நனைத்த ஸ்பாஞ்ச், பிறகு மூடி. சல்லடையைக் கழற்றிக் கழுவித் தனியாக வையுங்கள். வாக்குவம் பம்பின் எண்ணெய் கலங்கியிருந்தால் திரும்பி வந்து மாற்றலாம் என்று விடாதீர்கள். ஈரமான எண்ணெய் மூன்று வாரம் நின்றால் பம்பின் உள்பக்கம் துருப்பிடிக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போங்கள். திறக்கும் நாளில் முதல் இரண்டு கிலோ நேராக எச்சமண் வாளிக்கு.

வார்ப்புக் கூழின் மிச்சத்தைப் பக்மில்லில் போடலாமா?

அச்சில் ஊற்றும் கூழில் சோடியம் சிலிகேட்டோ சோடா ஆஷோ இருக்கும். அது மண்ணை இளக்கும் பொருள். சக்கர மண்ணோடு பத்தில் ஒரு பங்கு கலந்தாலே மண் ஒட்டும், நிற்காது, பக்மில்லில் சுவரோடு வழுக்கும். தனி வாளியில் வைத்து மறுபடி கூழாகவே பயன்படுத்துங்கள். தெரியாமல் கலந்துவிட்டால் கொஞ்சம் வினிகரோ எப்சம் உப்போ மண்ணை ஓரளவு மீட்கும்.

பாதுகாப்பில் எதை விட்டுக்கொடுக்கவே கூடாது?

கை உள்ளே போவதற்கு முன் பிளக் வெளியே வரவேண்டும். சுவிட்ச் அணைத்தது போதாது. பிளக்கைக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். சுவரோடு பதித்த இணைப்பு என்றால் ஐசொலேட்டரில் பூட்டு போடுங்கள். மண்ணை உள்ளே தள்ள மரக்கோலோ நைலான் கோலோ மட்டும். மூடி திறந்தால் நிற்கும் பாதுகாப்பு சுவிட்சை டேப் ஒட்டி ஏமாற்றுவது, ஆட்களை வைத்து வேலை வாங்கும் பட்டறை என்றால், 1993-ஆம் ஆண்டின் 85-ஆம் எண் பணிப் பாதுகாப்புச் சட்டத்தின்படியும் உங்கள் தலையில்தான் விடியும். துப்பட்டா, முந்தானை, பின்னல், தாலிக்கொடி, வளையல், கையில் கட்டிய காப்புக் கயிறு எதுவும் தொட்டிக்கு மேலே தொங்கக்கூடாது. தாலியைக் கழற்ற மனம் வராவிட்டால் சட்டைக்குள் விட்டு, மேலே கழுத்து மூடிய ஏப்ரன்.

சிலிக்கா தூசி கண்ணுக்குத் தெரியாத அளவில்தான் நுரையீரலுக்குள் போகும். பொடி கொட்டும்போது FFP2 தர மாஸ்க், தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பது, வேலை உடுப்பை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காமல் இருப்பது, இவை மூன்றும் வேண்டும்.

பக்மில்லில் வந்த மண்ணை அப்படியே சக்கரத்தில் வைக்கலாமா?

உருளையிலிருந்து 5 மில்லிமீட்டர் வில்லை ஒன்றை அறுத்து வெயிலில் வையுங்கள். அரை மணியில் சுருள் கோடாக வெடிப்பு தெரிந்தால் ஆகர் சுழற்றிய தடம் மண்ணுக்குள் அப்படியே இருக்கிறது. வாக்குவம் காற்றை எடுக்கும், அந்தத் தடத்தை எடுக்காது. பீங்கானில் தட்டின் அடியில் வரும் எஸ் வடிவ வெடிப்புக்கு இதுவும் ஒரு காரணம். மண்ணைக் கொஞ்சம் இளக்கி ஓட்டினால் சுருள் குறையும். ஆகரின் கடைசி நுனியில் காய்ந்த மண் ஒட்டியிருந்தால் கூடும், அதைச் சுரண்டிவிடுங்கள். பிறகு உருளையை அறுத்து, அடித்து ஒட்டி, 20, 30 தடவை கையால் பிசைந்து, சக்கரத்தில் அடிப்பகுதியை நன்றாக அழுத்திக்கொண்டு தொடங்குங்கள்.